‘ஜஸ்ட்’ என்றால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அவர்கள் அதிகம் கேட்கும் சந்தேகங்கள் நீளமான, கடினமான சொற்களைப் பற்றியவை அல்ல. அகராதியில் ஒருமுறை பார்த்தால் அந்தச் சொற்கள் மனதில் உட்கார்ந்துவிடும். ‘ஜஸ்ட்’ போன்ற சின்னச் சொல்தான் ஆளைப் படுத்துகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலத் தொகுப்பை வைத்து எடுத்த, அதிகம் புழங்கும் 100 சொற்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. தமிழில் பேசும்போதே ‘ஜஸ்ட் மிஸ்’, ‘ஜஸ்ட் பாஸ்’ என்று சரளமாகச் சொல்கிறோம். ஆங்கில வாக்கியத்துக்குள் வைக்கப் போனால்தான் எங்கே வைப்பது, எதற்கு வைப்பது என்று கை தயங்குகிறது.

வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், காதுக்குப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

‘ஜஸ்ட்’ என்பதற்கு ஒரே சொல்லில் தமிழ் அர்த்தம் சொல்ல முடியுமா?

முடியாது. அகராதியைத் திறந்தால் இப்போதுதான், மட்டும், வெறும், சரியாக, மயிரிழையில், நியாயமான என்று வரிசையாக இருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி தோன்றும். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே படம்தான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது குறையும்.

ஒரு கோடு கிழித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைச் சரியாகத் தொட்டு நிற்பதுதான் ‘ஜஸ்ட்’. ‘இந்த நொடி’ என்ற கோட்டை ஒட்டி ஒன்று நடந்தால் ‘இப்போதுதான்’. ‘இவ்வளவு’ என்ற கோட்டோடு நின்று அதற்கு மேல் போகாவிட்டால் ‘மட்டும்’, ‘வெறும்’. கோட்டைத் தொட்டும் தொடாமலும் தாண்டினால் ‘மயிரிழையில்’. கோட்டுக்கு அச்சாகப் பொருந்தினால் ‘கச்சிதமாக’. நேர்மை என்ற கோட்டை விட்டு விலகாமல் இருந்தால் ‘நியாயமான’.

இனி வரும் பதில்களில் இந்தக் கோட்டை அடிக்கடி இழுப்பேன்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ‘யூஸ்’ என்றால் சட்டம், உரிமை. அதிலிருந்து பிறந்த ‘யூஸ்டுஸ்’ என்றால் முறையான, நேர்மையான. அது பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஆக, முதலில் வந்தது ‘நியாயமான’ என்ற பொருள்தான். சுமார் 1400 வாக்கில் ‘துல்லியமாக’ என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. நாம் இன்று அதிகம் பயன்படுத்தும் ‘வெறும்’, ‘அவ்வளவுதான்’ என்ற பொருள் 1660களில்தான் எழுத்தில் தென்படுகிறது.

ஜஸ்டிஸ், ஜஸ்டிஃபை இரண்டும் இதன் உடன்பிறப்புகள். கணினியில் எழுதும்போது ‘ஜஸ்டிஃபை’ என்ற பொத்தானை அழுத்தினால் பத்தியின் இரண்டு ஓரமும் நேராகிவிடும், கவனித்திருப்பீர்கள். வரி ஒவ்வொன்றையும் ஓரக்கோட்டுக்குச் சரியாகப் பொருத்துவது அச்சுத்தொழிலில் பழைய வேலை. நியாயம் கேட்கிற சொல் அச்சுக்கூடத்துக்குப் போனது இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான்.

நாம் நாள் முழுக்கச் சொல்லும் ‘அட்ஜஸ்ட்’ மட்டும் இந்தக் குடும்பமில்லை. அது ‘அருகே’ என்று பொருள்படும் ‘யுக்ஸ்டா’ என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அதன் ஆதிப்பொருள். உச்சரிப்பு நெருக்கமாக இருந்ததால் பிற்காலத்தில் ‘ஜஸ்ட்’டோடு உறவு கொண்டாட ஆரம்பித்துவிட்டது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்று சொல்லிக்கொண்டே ஒருவரை ஒருவர் ஒட்டி உட்காருகிறோமே, அந்தச் சொல்லின் ஆதிப்பொருளும் அதேதான்.

‘நியாயமான’ என்ற பொருளில் இப்போதும் யாராவது பயன்படுத்துகிறார்களா?

பயன்படுத்துகிறார்கள். எழுத்திலும் மேடைப் பேச்சிலும் அதிகம். ‘எ ஜஸ்ட் காஸ்’ என்றால் நியாயமான ஒரு நோக்கம். எந்தப் போரை நியாயமான போர் எனலாம் என்று அகஸ்டின், தாமஸ் அக்வினாஸ் போன்ற சிந்தனையாளர்கள் எழுதி வளர்த்த கோட்பாட்டுக்கு ‘ஜஸ்ட் வார்’ என்றே பெயர். இதைப் படிக்கிற மாணவர்கள் சிலர் ‘வெறும் போர்’ என்று புரிந்துகொண்டு குழம்பியிருக்கிறார்கள்.

குழப்பத்தைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. ‘எ’ என்ற குட்டிச்சொல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ‘எ ஜஸ்ட் டிசிஷன்’ என்றால் நியாயமான முடிவு. ‘ஜஸ்ட் எ டிசிஷன்’ என்றால் வெறும் ஒரு முடிவு, பெரிதுபடுத்தாதே என்று அர்த்தம். ஒரே மூன்று சொற்கள், இடம் மாறியதும் ஒரு நீதிமன்றத் தீர்ப்பே சாதாரணமாகிவிடுகிறது.

‘ஜஸ்ட் டெஸர்ட்ஸ்’ என்ற தொடரும் இந்தப் பொருளில் வருவதுதான். செய்த வினைக்கேற்ற பலன். இதிலுள்ள ‘டெஸர்ட்’ உணவுக்குப் பின் சாப்பிடும் இனிப்பு அல்ல. ‘தகுதியான பலன்’ என்று பொருள்படும் பழைய சொல். உச்சரிப்பு இனிப்பைப் போல, எழுத்து பாலைவனத்தைப் போல, அதாவது ஒரே ஒரு ‘எஸ்’. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இதைத் தப்பாக எழுதுவார்கள்.

‘ஐ ஜஸ்ட் ஏட்’ சரியா, ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’ சரியா?

இரண்டுமே ‘இப்போதுதான் சாப்பிட்டேன்’. அமெரிக்கர்கள் முதலாவதைத் தயங்காமல் சொல்வார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், குறிப்பாகத் தேர்வுகளிலும் முறையான எழுத்திலும், ‘ஹேவ்’ சேர்த்த இரண்டாவது வடிவத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள். எந்தத் தேர்வுக்குப் படிக்கிறீர்களோ அதைப் பொறுத்து ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் தவறுவது வேறோர் இடத்தில். ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோம். வாசலில்கூடக் கால் வைத்திருக்க மாட்டோம், ஆனாலும் ‘வந்துட்டேன்’ என்று இறந்த காலத்தில் சொல்வது நம் வழக்கம். வந்துவிட்ட மாதிரியே வைத்துக்கொள் என்று உறுதி கொடுக்கிறோம். இதை அப்படியே ‘ஐ ஜஸ்ட் கேம்’ என்று மாற்றினால், ஏற்கெனவே வந்து நிற்பதாகத்தான் கேட்பவர் புரிந்துகொள்வார். ‘இதோ வந்துட்டேன்’ என்பதற்கு ‘ஐம் ஜஸ்ட் கமிங்’ என்று சொல்ல வேண்டும். நிஜமாகவே வந்து சேர்ந்தபின் ‘ஐ ஹேவ் ஜஸ்ட் கம்’ அல்லது ‘ஐ ஜஸ்ட் காட் ஹியர்’.

ஒன்று வரப்போகிற கோட்டுக்கு இந்தப் பக்கம், மற்றது கடந்துவிட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம். இரண்டும் ‘இப்போது’ என்ற கோட்டை ஒட்டியே இருப்பதால் இரண்டுக்கும் ‘ஜஸ்ட்’ பொருந்துகிறது.

‘ஜஸ்ட் நௌ’ என்றால் எப்போது?

நல்ல கேள்வி, ஏனென்றால் இதற்குப் பதில் யார் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ‘ஐ சா ஹிம் ஜஸ்ட் நௌ’ என்றால் சற்று முன்பு பார்த்தேன். ‘ஐம் பிஸி ஜஸ்ட் நௌ’ என்றால் தற்சமயம் வேலையாக இருக்கிறேன். இது பிரிட்டனில், முக்கியமாக ஸ்காட்லாந்தில் அதிகம். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘ஐல் டூ இட் ஜஸ்ட் நௌ’ என்றால் ‘அப்புறம் செய்கிறேன்’. உடனே செய்கிறேன் என்று அர்த்தமே இல்லை. சீக்கிரம் என்று சொல்ல அவர்களிடம் ‘நௌ நௌ’ என்று தனியாக இருக்கிறது.

இது தெரியாமல் நான் ஒரு நாள் பிற்பகல் முழுக்கக் காத்திருந்தேன். கூட்டாகச் செய்த ஒரு பாடத்திட்ட வேலையில், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த சக ஆசிரியர் ஒரு கோப்பை ‘ஜஸ்ட் நௌ’ அனுப்புவதாகச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் வந்துவிடும் என்று மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மாலையில் கோப்பு வந்தது. அவர் சொன்ன வார்த்தையைச் சரியாகத்தான் காப்பாற்றியிருக்கிறார். எனக்குத்தான் அந்த வழக்கு தெரியவில்லை.

எழுதும்போது குழப்பம் வேண்டாம் என்றால் ‘எ மொமென்ட் அகோ’, ‘அட் தி மொமென்ட்’, ‘இன் எ மினிட்’ என்று பிரித்து எழுதிவிடுங்கள்.

தமிழில் ‘தான்’ வரும் இடத்திலெல்லாம் ‘ஜஸ்ட்’ போடலாமா? அல்லது ‘ஒன்லி’யா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் ‘தான்’ எத்தனை வேலை செய்கிறது என்பதை ஆங்கிலம் கற்கும்போதுதான் நாமே கவனிக்கிறோம்.

‘நான் இன்றுதான் வந்தேன்’ என்பதை ‘டுடே ஒன்லி ஐ கேம்’ என்று சொல்வது நம்மிடையே சகஜம். ‘தான்’ சொல்லின் பின்னால் ஒட்டுவதால் ‘ஒன்லி’யையும் பின்னால் ஒட்டிவிடுகிறோம். வெளியூர்க்காரருக்கு இது ‘இன்று மட்டுமே வந்தேன், வேறு நாட்களில் வரவில்லை’ என்பது போலக் கேட்கும். ‘ஐ ஜஸ்ட் கேம் டுடே’ அல்லது ‘ஐ ஒன்லி கேம் டுடே’ என்றால் சரி.

‘இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்’ என்று சொல்லும்போது வேலை மாறுகிறது. தேடிய பொருளும் கையிலிருக்கும் பொருளும் அச்சாகப் பொருந்துகின்றன. ‘திஸ் இஸ் ஜஸ்ட் வாட் ஐ வாஸ் லுக்கிங் ஃபார்’. இங்கே ‘ஒன்லி’ வராது.

‘சின்னப் பையன்தானே, விடுங்கள்.’ இந்தத் ‘தானே’ விஷயத்தைச் சிறிதாக்குகிறது. ‘ஹீஸ் ஜஸ்ட் எ கிட்’. ‘ஹீஸ் ஒன்லி எ கிட்’ என்றும் சொல்லலாம், இன்னும் கொஞ்சம் பரிவு கூடும்.

‘அவன்தான் சொன்னான்’ என்பதில் ‘ஜஸ்ட்’டும் கிடையாது, ‘ஒன்லி’யும் கிடையாது. வேறு யாருமில்லை, அவன் என்று ஆளைச் சுட்டுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஹீ’ என்பதை அழுத்திச் சொன்னாலே போதும். எழுத்தில் ‘ஹீ வாஸ் தி ஒன் ஹூ டோல்ட் மீ’.

ஆகவே ‘தான்’ என்று பார்த்ததும் ஒரு சொல்லை எடுத்து ஒட்டாதீர்கள். அந்தத் ‘தான்’ அங்கே என்ன செய்கிறது என்று ஒரு நொடி கேட்டுக்கொள்ளுங்கள். நேரத்தைச் சொல்கிறதா, பொருத்தத்தைச் சொல்கிறதா, சிறிதாக்குகிறதா? மூன்றில் ஏதாவது ஒன்றென்றால் ‘ஜஸ்ட்’. ஆளையோ பொருளையோ சுட்டிக்காட்டுகிறது என்றால் வேறு வழி பாருங்கள்.

இன்னொன்று. ‘ஒரே’ என்ற பொருளில் ‘ஜஸ்ட்’ வரவே வராது. ஒரே மகன் ‘ஒன்லி சன்’. ஒரே வழி ‘தி ஒன்லி வே’.

வாக்கியத்தில் ‘ஜஸ்ட்’டை எங்கே வைப்பது?

‘ஜஸ்ட் ஐ கேம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘ஜஸ்ட் இப்பத்தான் வந்தேன்’ என்று தமிழில் முதலில் வைத்துப் பேசிய பழக்கம் அது. செயலைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் வையுங்கள்: ‘ஐ ஜஸ்ட் கேம்’. ‘இஸ்’, ‘ஹேவ்’ போன்ற துணைச்சொல் இருந்தால் அதற்குப் பின்னால்: ‘ஷி இஸ் ஜஸ்ட் டயர்ட்’, ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஃபினிஷ்ட்’.

இது பொது விதி. ‘ஜஸ்ட்’ எதற்கு முன்னால் நிற்கிறதோ அதைத்தான் பிடிக்கும். அதனால் ‘இல்லை’ என்று மறுக்கும் வாக்கியத்தில் இடம் மாறினால் பொருளே புரண்டுவிடும். ஒரு மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். மாணவர்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

‘ஐ ஜஸ்ட் டோன்ட் லைக் மியூசிக்.’ எனக்கு இசை பிடிக்காது, அவ்வளவுதான், காரணம் கேட்காதே.

‘ஐ டோன்ட் ஜஸ்ட் லைக் மியூசிக்.’ பிடிக்கும் என்று சொன்னால் போதாது, இசை என்றால் உயிர்.

‘ஐ டோன்ட் லைக் ஜஸ்ட் மியூசிக்.’ இசை மட்டுமல்ல, வேறு பலவும் பிடிக்கும்.

சொற்கள் மூன்றிலும் ஒன்றே. முதல் ஆளும் இரண்டாம் ஆளும் ஒரே அறையில் இருந்தால் ஒருவர் பாட்டை நிறுத்தச் சொல்வார், மற்றவர் கூட்டச் சொல்வார். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அழுத்தம் எங்கே விழுகிறது என்பதும் சேர்ந்தே மாறும்.

‘ஜஸ்ட் மிஸ்’, ‘ஜஸ்ட் பாஸ்’ என்று சொல்கிறோமே, ஆங்கிலத்தில் அது சரியா?

அவை இரண்டும் இப்போது தமிழ்ச் சொற்கள் மாதிரிதான். நம் பேச்சுக்குள் இருக்கட்டும், அழகாகவே இருக்கின்றன. ஆங்கிலத்துக்குள் திரும்ப எடுத்துப் போகும்போது மட்டும் கவனம் தேவை.

‘ஜஸ்ட் மிஸ்’ என்பதைத் தப்பித்ததற்கும் சொல்கிறோம், நழுவவிட்டதற்கும் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே. ‘தி பால் ஜஸ்ட் மிஸ்ட் மை ஹெட்’ என்றால் பந்து தலையை உரசாமல் போனது, நல்லவேளை. ‘ஐ ஜஸ்ட் மிஸ்ட் தி டிரெய்ன்’ என்றால் ரயில் கண்ணெதிரே போய்விட்டது. நல்லதா கெட்டதா என்பதைச் சூழல்தான் சொல்லும். தனியாக ‘ஜஸ்ட் மிஸ்!’ என்று சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. தப்பித்ததற்கு ‘தட் வாஸ் க்ளோஸ்!’ என்பார்கள்.

‘ஜஸ்ட் பாஸ்’ இன்னும் கவனமாகப் பயன்படுத்த வேண்டியது. என்னிடம் படித்த ஒரு பெண் தொலைபேசியில் வேலைக்கான நேர்காணலில் பேசிக்கொண்டிருந்தாள். தேர்வு முடிவு அன்று காலையில்தான் வந்திருந்தது, நல்ல மதிப்பெண். படிப்பு முடிந்ததா என்று கேட்டதற்கு ‘ஐ ஜஸ்ட் பாஸ்ட்’ என்றாள். மறுமுனையில் இருந்தவர் குரலைத் தாழ்த்தி, எந்தப் பாடம் கடினமாக இருந்தது என்று கேட்டாராம். அவள் சொன்னது ‘இப்போதுதான் தேறினேன்’. அவர் காதில் விழுந்தது ‘தட்டுத்தடுமாறித் தேறினேன்’. இரண்டுமே சரியான பொருள்கள்தான், அதனால்தான் சிக்கல். ‘மை ரிசல்ட்ஸ் கேம் திஸ் மார்னிங், ஐ பாஸ்ட்’ என்று நேரத்தைத் தனியாகச் சொல்லியிருந்தால் போதும். நிஜமாகவே எல்லைக்கோட்டில் தேறியிருந்தால் ‘ஐ பேர்லி பாஸ்ட்’.

‘சும்மா’ என்பதுதான் ‘ஜஸ்ட்’டா?

பல இடங்களில் ஆமாம். ‘சும்மா கேட்டேன்’ என்றால் ‘ஐ வாஸ் ஜஸ்ட் ஆஸ்கிங்’. ‘சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்றால் ‘ஐம் ஜஸ்ட் லுக்கிங்’. ‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்றால் ‘ஐ வாஸ் ஜஸ்ட் கிடிங்’. நோக்கம் இவ்வளவுதான், உள்ளே வேறெதுவும் ஒளித்துவைக்கவில்லை என்பதை இரண்டும் சொல்கின்றன.

ஆனால் சும்மா இருப்பது வேறு. ‘சும்மா இரு’ என்றால் ‘பீ கொய்ட்’ அல்லது ‘ஸ்டாப் இட்’. ‘சும்மா கொடுத்தார்கள்’ என்றால் இலவசம், ‘ஃப்ரீ’. ‘சும்மா சும்மா கூப்பிடாதே’ என்பதற்கு ‘ஃபார் நோ ரீசன்’. நம் ‘சும்மா’ தனி உலகம், அதை ‘ஜஸ்ட்’டுக்குள் அடைக்க முடியாது.

‘ஜஸ்ட் லைக் தட்’ என்பதைச் ‘சும்மா, காரணமில்லாமல்’ என்ற பொருளில் நாம் பயன்படுத்துகிறோம். ‘வொய் டிட் யூ கால்?’ என்று கேட்டால் ‘ஜஸ்ட் லைக் தட்’ என்று பதில் சொல்வோம். வெளிநாட்டவருக்கு அது ‘பட்டென்று, ஒரே நொடியில்’ என்று கேட்கும்: ‘ஹி லெஃப்ட், ஜஸ்ட் லைக் தட்’, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டான். சும்மா அழைத்தேன் என்பதற்கு அவர்கள் சொல்வது ‘நோ ரீசன், ஜஸ்ட் கால்டு டு சே ஹலோ’.

மின்னஞ்சலில் ‘ஜஸ்ட்’ எழுதுவது பலவீனம் என்கிறார்களே?

2015இல் இது பெரிய விவாதமானது. கூகுளில் முன்பு பணியாற்றிய எலன் பெட்ரி லீன்ஸ் என்பவர், பெண்கள் அலுவலகப் பேச்சில் ‘ஜஸ்ட்’டை அதிகம் பயன்படுத்துவதாகவும், அது அனுமதி கேட்பது போல ஒலிப்பதாகவும் எழுதினார். அதை விட்டுவிடுங்கள் என்பது அவர் யோசனை. மொழியியலாளர் டெபோரா கேமரூன் உடனே மறுத்து எழுதினார். ‘ஜஸ்ட்’ ஒரே வேலை செய்யும் சொல் அல்ல, மென்மையாக்குவது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே என்பது அவர் வாதத்தின் சாரம்.

நான் கேமரூன் பக்கம். ‘ஐ ஜஸ்ட் வான்டட் டு ஆஸ்க்’ என்பது ‘ஒன்றே ஒன்று கேட்கலாமா’ என்று தமிழில் கேட்பது போன்ற மரியாதை. அது பணிவு, பலவீனம் ஆகாது. ஆனால் ஒரே மின்னஞ்சலில் நான்கு முறை வந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது போல ஆகிவிடும். ‘ஐம் ஜஸ்ட் ரைட்டிங் டு ஜஸ்ட் செக் இஃப் யூ ஜஸ்ட்...’ என்று எழுதியிருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. பிறருடைய வேலையைக் குறித்து ‘ஜஸ்ட்’ போடும்போது நிதானம் வேண்டும். ‘கேன் யூ ஜஸ்ட் ரீரைட் தி ரிப்போர்ட்?’ என்று கேட்டால், இரண்டு நாள் வேலையை இரண்டு நிமிட வேலையாக்கிச் சொன்னதாகக் கேட்பவர் மனம் நோகும். ‘யூ ஆர் ஜஸ்ட் எ க்ளார்க்’ என்று யாரையும் சொல்லவே சொல்லாதீர்கள். ‘வெறும்’ என்று தமிழில் சொன்னால் எவ்வளவு சுடுமோ அவ்வளவு சுடும்.

கட்டளை வாக்கியத்தில் வந்தால்?

குரலைப் பொறுத்தது. ‘ஜஸ்ட் சைன் ஹியர்’ என்பதைச் சிரித்த முகத்தோடு சொன்னால் ‘இங்கே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்’. ‘ஜஸ்ட் டெல் மீ!’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் ‘சுற்றி வளைக்காமல் சொல்லித் தொலை’. ‘ஜஸ்ட் யூ வெயிட்!’ என்றால் ‘இரு, உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்’ என்ற மிரட்டல். ‘ஜஸ்ட் வெயிட் ஹியர்’ என்பது வெறும் வேண்டுகோள்.

1988இல் நைக்கி நிறுவனத்துக்காக டான் வைடன் எழுதிய ‘ஜஸ்ட் டூ இட்’ என்ற மூன்று சொற்களில் முதல் சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். ‘டூ இட்’ என்பது அதட்டல். ‘ஜஸ்ட்’ வந்ததும் தயக்கம், சாக்கு, யோசனை எல்லாம் விலகி, ‘அதெல்லாம் கிடக்கட்டும், செய்துவிடு’ என்று ஆகிவிடுகிறது.

‘ஜஸ்ட் பியூட்டிஃபுல்’ என்றால் ‘வெறும் அழகு’ என்றா பொருள்?

இல்லை. அழகு என்பதைத் தவிர அதற்கு வேறு வார்த்தை கிடையாது என்பது பொருள். ‘இட் வாஸ் ஜஸ்ட் டெரிபிள்’ என்றால் படுமோசம். வேறெந்தச் சொல்லும் வேண்டாம், இந்தச் சொல்லோடு கோடு போட்டுவிடலாம் என்கிற அழுத்தம். சாதாரண ‘குட்’ உடன் இது சரியாக அமையாது. ‘கிரேட்’, ‘பெர்ஃபெக்ட்’, ‘ஆஃபுல்’ போன்ற உச்சச் சொற்களோடு அமையும். ஆனால் எல்லாம் சொதப்பிய வேளையில் ஒருவர் ‘ஜஸ்ட் கிரேட்’ என்று சலிப்போடு சொன்னால், அது பாராட்டு இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

கூட்டுத்தொடர்களில் எவற்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்?

‘ஜஸ்ட் இன் கேஸ்’ முதலில். குடையை எடுத்துப் பையில் வைக்கும்போது ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்கிறோமே, அச்சு அசலாக அதுதான். இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

‘ஜஸ்ட் அபௌட்’ என்றால் கிட்டத்தட்ட. ‘ஐம் ஜஸ்ட் அபௌட் டு லீவ்’ என்றால் கிளம்பப் போகிறேன், காலில் செருப்பு மாட்டியாயிற்று. ‘ஜஸ்ட் அஸ் வெல்’ என்றால் நல்லதாய்ப் போயிற்று. ‘நாட் ஜஸ்ட் யெட்’ என்றால் இப்போதைக்கு இல்லை, கொஞ்சம் பொறு. ‘ஜஸ்ட் தென்’ என்றால் அந்த நேரம் பார்த்து. ‘இட் மைட் ஜஸ்ட் வொர்க்’ என்றால் பலிக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் பலித்தாலும் பலிக்கும்.

‘ஜஸ்ட் இன் டைம்’ என்றால் சரியான நேரத்தில், ஒரு நொடி தாமதித்திருந்தாலும் போயிருக்கும். இதையே ஒரு தொழில்முறைக்குப் பெயராக்கியது டொயோட்டா. உதிரிபாகங்களைக் குவித்து வைக்காமல், தேவையான பொருளைத் தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவு மட்டும் கொண்டுவந்து சேர்ப்பது. தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் அதை முறையாக வளர்த்தெடுத்தார். நேரம், அளவு என்ற இரண்டு கோடுகளும் அங்கே ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

எப்படி உச்சரிப்பது?

கடைசியில் ‘உ’ சேர்த்து ‘ஜஸ்ட்டு’ என்று இழுக்காதீர்கள், அது ஒன்றுதான் என் வேண்டுகோள். வேகப் பேச்சில் அடுத்த சொல் மெய்யொலியில் ஆரம்பித்தால் ‘ட்’ காணாமல் போகும். ‘ஜஸ் நௌ’, ‘ஜஸ் பிகாஸ்’ என்றுதான் காதில் விழும். ‘ட்’ கேட்கவில்லையே என்று தேடாதீர்கள்.

நான் எழுதிய வாக்கியத்தில் ‘ஜஸ்ட்’ தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். ‘ஐ ஹேவ் ஜஸ்ட் சென்ட் தி ஃபைல்’ என்பதில் மறைத்தால் எப்போது அனுப்பினீர்கள் என்ற தகவல் போய்விடுகிறது, ஆகவே தேவை. ‘ஐ ஜஸ்ட் திங்க் வி ஷுட் மீட்’ என்பதில் மறைத்தால் தகவல் எதுவும் போகவில்லை, குரல் மட்டும் கொஞ்சம் உறுதியாகிறது. அந்த உறுதி வேண்டுமென்றால் எடுத்துவிடுங்கள், மென்மை வேண்டுமென்றால் விட்டுவையுங்கள். உங்கள் கைபேசியில் நேற்று அனுப்பிய ஆங்கிலச் செய்திகளைத் திறந்து, ‘ஜஸ்ட்’ வந்த ஒவ்வொரு இடத்திலும் இப்படி விரலை வைத்துப் பாருங்கள். சில இடங்களில் வாக்கியம் அப்படியே நிற்கும், சில இடங்களில் சாய்ந்துவிடும்.